தண்ணீர்விட்டான்

பெண்களுக்கான கிழங்கு என்றுதான்
பொட்டலத்தில் எழுதியிருந்தது.
பெயர் மட்டும் ஆண்பெயர்.

திருப்பாதிரிப்புலியூர் நாட்டு மருந்துக் கடையில்
ஃபேன் சத்தத்துக்கு மேல்
இரண்டாம் முறை உரக்கச் சொன்னேன்:
"தண்ணீர்விட்டான்!"
பக்கத்தில் கடுக்காய் வாங்கிக்கொண்டிருந்தவர்
பதறித் திரும்பினார்.
"எங்கம்மா, சாத்தனூர்லயா?"

கடலூரில் இந்தச் சொல்லைச்
சத்தமாகச் சொல்லக் கூடாது.

அவரும் நானும் சிரித்துவிட்டோம்.
கடைக்காரர் சிரிக்கவில்லை.
அவர் வீடு குண்டு உப்பலவாடியில், ஆற்றோரம்.
காயாத கிழங்கு ஒரு கொத்து எடுத்துக் காட்டினார்,
வெளுத்த விரல்கள், ஒரு காம்பில் நூறு.
பெயர்தான் விட்டான்.
உள்ளே ஒரு சொட்டு விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

நாற்பத்தெட்டு வயது.
மஞ்சக்குப்பத்தில் மின்வாரியப் புகார் மேசை.
"கரண்ட் எப்ப வரும்?" என்பார்கள்.
"வந்துடும் சார்" என்பேன்,
புயல் நாளென்றால் முந்நூறு முறை.
எனக்கும் இப்போது அப்படித்தான்.
நாற்பது நாள் வராது,
பிறகு பதினைந்தாம் நாளே வந்து நிற்கும்
முன்னறிவிப்பு இல்லாமல்.
மார்பிலிருந்து ஒரு தீ கிளம்பிக்
காதுவரை ஏறும்.
புகார்ப் புத்தகத்தை விசிறியாக்கி
அடுத்த அழைப்பை எடுப்பேன்.

ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு.
காற்று திரும்பினால் சிப்காட் வாசனை.

டாக்டர் மெர்லின் ஹார்மோன் என்றார்.
ஸ்ட்ரெஸ் என்றார்.
எதையும் மனசில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றார்,
நானாகப் போட்டுக்கொண்டது போல.
"வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா?"
இல்லை என்றேன்.
மடியிலிருந்த கைப்பையில் கால் கிலோ இருந்தது.

பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி,
அளவு மறக்காமலிருக்கப்
பொட்டலத்துச் சீட்டையும் உள்ளே போட்டேன்:
பெண்களுக்கு. தினம் ஒரு ஸ்பூன். பாலில்.
முதலில் மாவு ருசி,
கொஞ்சம் இனிப்பு,
விழுங்கிய பிறகு ஒரு மெல்லிய கசப்பு.
தூக்கம் வந்ததா என்றால்
சில நாள் வந்தது.

கால் கிலோ ஐம்பது நாள் தாங்க வேண்டும்.
இருபத்தெட்டாம் நாள் ஸ்பூன் அடியைத் தொட்டது.
மீட்டர் கணக்கில் பிழைக்கிறவள் நான்.
போன யூனிட் எவ்வளவு,
குறைந்த யூனிட் எவ்வளவு,
நடுவில் யாரோ கொக்கி போட்டிருக்கிறார்கள்.

அன்றிரவு அடுப்படியில் ஃபிரிட்ஜ் திறந்திருந்தது.
அந்த வெளிச்சத்தில் கலியபெருமாள்,
என் கணவர்,
சாயப் பவுடர் கம்பெனி, பாய்லர் பிரிவு, இருபத்தாறு வருஷம்,
கிழங்கு மாவை அப்படியே வாயில் போட்டு
செம்புத் தண்ணீரைக் குடித்தார்.
ஸ்பூனை லுங்கியில் துடைத்தார்.
பாட்டிலை நான் வைத்திருந்த கோணத்திலேயே
திருப்பி வைத்தார்.
மீசையில் கொஞ்சம் வெள்ளை.

சீட்டைப் படிக்காமலா இருந்திருப்பார்?

மார்ச்சோடு பாய்லரை மூடுகிறார்களாம்.
எதிர்வீட்டு எழிலரசி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.
ஓடிவந்து படுத்தேன்.
அவரும் வந்து படுத்தார்.
தூங்குகிறவர்களைப் போல
இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்
விடியும்வரை.

சனிக்கிழமை அதே கடை.
அரைக் கிலோ என்றேன்.
"மருந்து கேக்குதாம்மா?"
"கேக்குதோ என்னமோ,
தீர்ந்துபோகுது."
அவர் இந்தமுறை சிரித்தார்.

வீட்டுக்கு வந்து விளிம்புவரை நிரப்பினேன்.
சீட்டை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன்,
இருக்கட்டும் என்று விட்டேன்.
மூடியைக் கடைசிச் சுற்று திருகவில்லை.
வால்வு திருகித் திருகி
அவருக்கு வலது கட்டைவிரல் மடங்காது.