அறுபது லிங்க்ஸ்

மழை விட்ட மூன்றாம் நாள்
சங்கிலியும் கொடியும் எடுத்துக்கொண்டு
கத்தாழைப்பள்ளத்துக்குப் போனோம்,
நானும் பொங்கியண்ணனும்.
திருப்பூர்ப் பக்கம் பள்ளம் என்றால் ஓடை.
வெளியூர்க்காரர்கள் குழி என்று நினைத்துக்கொள்வார்கள்.
நாங்களும் அப்படியே நினைத்துத்தான்
இத்தனை வருடமாய் மண்ணைக் கொட்டினோம்.

லைன் வீடுகள் பதினொன்று.
ஒவ்வொரு சுவரிலும் இரண்டு கோடு:
முழங்கால் உயரத்தில் சிவப்பு,
மார்பு உயரத்தில் கருநீலம்.
"மொதல்ல செவப்பாத்தானுங் வந்துச்சு,
பொறகு நெறம் மாறிருச்சுங்" என்றாள் மயிலாத்தாள்.
மழை இருட்டில் எந்தப் பட்டறை
எந்தத் தொட்டியைத் திறந்துவிட்டது என்று
சுவரைப் பார்த்தே சொல்கிறாள்.
சிவப்பு, கிறிஸ்துமஸ் ஆர்டராம்.
நீலம், யாரோ பிள்ளைகளின் பள்ளிச் சீருடை.

அவளுடைய ஓவர்லாக் மிஷின்
கட்டில் மேல், கட்டில் செங்கல் மேல்,
அப்படியும் மோட்டார் தண்ணி குடித்துவிட்டது.
இன்னும் ஒன்பது தவணை பாக்கி.

பக்கத்து அறை ஒடிசாப் பையன் பிகாஷ்
மூன்று குழந்தைகளை ஒவ்வொன்றாய்த்
தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏற்றிவிட்டான்.
ஆதார் அட்டையை மட்டும் விட்டுவிட்டான்.
நிவாரணத்துக்கு அதைத்தான் கேட்கிறார்கள்.

படிவத்தில் கட்டங்கள் இருக்கின்றன.
சேதம் பகுதியா, முழுதா.
ஓட்டு வீடா, ஷீட்டா.
ஆடு எத்தனை, கோழி எத்தனை.
கடைசிக் கட்டம்: ஆக்கிரமிப்பா, ஆம் / இல்லை.
பதினொன்றுக்கும் ஆம் போடச் சொல்லித்தான்
என்னை அனுப்பியிருந்தார்கள்.

கீழே, பாலத்துக்குழாயில்
ஜேசிபி காலையிலிருந்து கை விட்டுத் துழாவுகிறது.
பனியன் கட்டிங் வேஸ்ட்,
மூட்டை மூட்டையாய், ஊறி, கல்லாய் இறுகி.
நடுவில் ஒரு மெத்தை.
ஒரு வேப்பமரம், வேரோடு.
மூன்றடிக் குழாய்.
மேலே குளத்து மதகில் பலகை இல்லை,
குளத்தில் பாதிக்கு மேல் பஸ் நிற்கிறது.
ஒரு மலையின் மழை
இந்த மூன்றடிக்குள் ஒழுங்காய் வரிசையில் நின்று
ஒவ்வொருவராய்ப் போக வேண்டுமென்று
யாரோ டெண்டர் விட்டிருக்கிறார்கள்.

பழைய புலப்படத்தைப் பிரித்தேன்.
ஓரம் செல்லரித்த படம்.
பள்ளத்தின் அகலம், அறுபது லிங்க்ஸ்.
புதிய படத்தையும் பிரித்தேன்.
உட்பிரிவு 141/2பி, அகலம் இருபத்திரண்டு.
மீதி முப்பத்தெட்டின் மேல்
ஏற்றுமதிக் கம்பெனியின் குடோன் நிற்கிறது,
பட்டாவோடு, வெள்ளையடித்து, ஈரமே படாமல்.
படத்தின் அடியில் கையெழுத்து.

என்னுடையது.

அன்று சித்திரை வெயில்.
பள்ளத்தில் எருக்கும் இரண்டு வெள்ளாடும்.
"எட்டு வருசமாத் தண்ணியே வல்லீங், பாருங்" என்றார்கள்.
பார்த்தேன். வரவில்லைதான்.
இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், இரண்டு.
அதற்கு மேல் எதுவும் வாங்கவில்லை என்று
வெகுநாள் எனக்குப் பெருமைகூட இருந்தது.

மயிலாத்தாள் மிஷின் பெல்ட்டைத்
துணி உலர்த்தும் கொடியில் போட்டுவிட்டுக் கேட்டாள்,
"எங்க வரைக்குமுங் பள்ளம்?
சொன்னீங்கன்னா அதுக்கு அந்தப்பக்கம் போயிக்கறோம்."
பிகாஷ் அவள் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தான்.
தமிழ் அவனுக்கு அவ்வளவு போதும்.

எரிச்சலாக வந்தது, யார் மீது என்று தெரியாமல்.
கட்டங்களை நிரப்பாமல்
படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.
நாளை தாசில்தார் கேட்பார்.
நாளைக்கு என்னிடம் ஒரு பதிலும் இல்லை.

"எத்தனை லிங்க்ஸ்ங் எழுதட்டும்?"
பொங்கியண்ணன் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு நின்றான்.
சங்கிலி இருபத்திரண்டில் சுவரை முட்டியிருந்தது.

"இன்னும் இழு" என்றேன்.

அவன் சுவரைப் பார்த்தான்.
உச்சியில் பதித்த கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தான்.
பிறகு தலைத்துண்டை அவிழ்த்து
நாலாக மடித்து அவற்றின் மேல் போட்டுவிட்டு,
சங்கிலி முனையை இடுப்பில் செருகிக்கொண்டு
ஏறத் தொடங்கினான்.