கூடு பாயும் வகுப்பு

கெஜ்மரோக் நகராட்சிக் கட்டடம், மாலை ஐந்து.
துடைப்பமும் வாளியுமாக உள்ளே போகிறேன்.
பேருந்துக் கழகத்து ஓட்டுநர்கள் பன்னிரண்டு பேர்
இன்று இங்கே இரண்டு மணி நேரம்
நானாக இருந்தார்களாம்.

பலகையில் இன்னும் அழிக்கவில்லை:
நீங்கள் ஒரு ரோமா. காலையில் கண்விழிக்கிறீர்கள்.
அந்த நாளை எழுதுங்கள்.

குப்பைக்கூடையில் பதினோரு தாள்.
படிக்கக் கூடாதுதான். படித்தேன்.

முதல் தாளில் எனக்குப் பசி.
அடுத்ததில் பசி, குளிர், ஆறு பிள்ளைகள்.
ஒன்றில் கண்ணீரோடு வயலின் வாசிக்கிறேன்.
ஒன்றில் எங்கள் தெருவில் குழாய் இல்லை.
அது உண்மை. ஆனால் அதற்கு நான் அழுவதில்லை,
கடைசி வாளியை எவன் காலி செய்தான் என்று கத்துவேன்.

ஒருவர் தாளிலும் எனக்குக் கடைவாய்ப்பல் வலிக்கவில்லை.
நாத்தனாரோடு மூன்று வாரமாய்ப் பேச்சு நின்றிருக்கவில்லை.
கைகாட்டியும் நிற்காமல் போன பேருந்து
என் பாவாடையில் சேறடித்த கதை
பதினொன்றில் ஒன்றிலும் இல்லை.

அதை எழுத என் கூட்டுக்குள் பாய வேண்டாமே,
அவரவர் கூடு போதுமே.

மேசைமேல் மதிப்பெண் தாள்.
எங்களைப் பிடிக்குமா? ஏழுக்கு எத்தனை?
வகுப்புக்கு முன் மூன்று. பின் நான்கு.
நின்ற இடத்திலேயே நின்றபடி
ஒரு படி ஏறியிருக்கிறேன்.
பயிற்சி தந்த ஸ்லாவ்கா நல்ல பெண்,
வாசலில் எனக்கு நன்றி சொன்னாள்.
கேள்வி என்று ஒன்றும் கேட்கவில்லை.

பன்னிரண்டாவது தாளை மட்டும்
யாரோ வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறான்.

வியாழன். தாத்ரா மலை தெரியாத பனி.
ஏழு நாற்பது வண்டி வழக்கம்போல என்னைக் கடந்தது.
கடந்து, இருபது தப்படி தள்ளி
நின்றது.

ஓடினேன். கதவு திறந்திருந்தது.
அவன் என்னைப் பார்க்கவில்லை,
முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
அந்தத் தாளா, சறுக்கிய சக்கரமா,
யாருக்குத் தெரியும்.
சில்லறையை வாங்கிய விரல்நுனிகள் வெடித்திருந்தன.

பின்னிருக்கையில் உட்கார்ந்து
நானும் அவனாகிப் பார்த்தேன்.
விழிக்கிறேன். இருட்டு. முதல் வண்டி.
அப்புறம்?
வெட்கமாகத்தான் இருக்கிறது,
எனக்கும் முதலில் வந்தது
பசி என்ற சொல்தான்.

மீதியை அவனிடமே கேட்க வேண்டும்.
அதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது.