இறால் கண்

கேஸ் சிலிண்டர் பதிய போன் போட்டால்
'சொல்லுங்க சார்' என்கிறாள் அந்தப் பெண்.
ரெண்டு வருஷமாக நான் சார்.
முதலில் திருத்தினேன்.
சாருக்குச் சீக்கிரம் வேலை நடக்கிறது என்று தெரிந்ததும்
விட்டுவிட்டேன்.

வயது அறுபத்தெட்டு. அதில் முப்பத்தொன்று
பாம்பன் தென்கடல் கரையில் ஏலம் கூவியே போனது.
ஊழி, பாறை, கணவாய், நீலக்கால் நண்டு,
நூறு நூறு நூற்றிப்பத்து என்று
கச்சானுக்கு மேலே எறிந்த குரல்.
போன பங்குனியில்
ஆயிரத்து எண்ணூறு என்று நான் சொன்னது
காதர் மீராவுக்கு ஆயிரத்து நூறாகக் கேட்டதாம்.
சரியாகத்தான் கேட்டிருக்கும், எனக்குத் தெரியும்.
கரகரப்பை வைத்துக்கொண்டு
யாரிடம் சண்டை போட?
எழுநூறு ரூபாய் என் கமிஷனில் கழிந்தது.

ராமநாதபுரத்தில் டாக்டர்
மூக்கு வழியாகக் கறுப்பு வயர் ஒன்றை இறக்கினார்.
'ஈ சொல்லுங்க.'
ஈ.
திரையில் எங்கள் பழைய தூக்குப்பாலம்.
ரெண்டு கையும் விரிந்து, கூடி,
கப்பலுக்கு வழிவிடுமே, அதுவேதான்.
இடது கையில் மட்டும் ஏதோ ஒட்டியிருந்தது,
மூடவிடாமல்.
'முத்து மாதிரி இருக்கும்மா' என்றான் ரீகன்.
முத்தாம்.
ரத்தம் கோத்த இறால் கண் அது.

பாலிப் என்றார் டாக்டர்.
கெட்டதாகத் தெரியவில்லை, ஆனால்
இந்த வயசில் கண்ணை மட்டும் நம்ப மாட்டேன் என்றார்.
அந்த 'ஆனால்'
பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது.
உச்சிப்புளியில் இறங்கவில்லை,
மண்டபத்திலும் இறங்கவில்லை.

முதலில் வாயை மூடச் சொன்னார், பத்து நாள்.
கிசுகிசுக்கவும் கூடாது,
தொண்டைக்கு அது கத்துவதைப் போலத்தான் என்றார்.
அம்பது வருஷப் பாவசங்கீர்த்தனம்
முழுக்கக் கிசுகிசுப்புதானே, சாமி.

அப்புறம் பயிற்சி.
டம்ளரில் தண்ணீர், தண்ணீரில் ஜூஸ் குழாய்,
ஊ என்று ஊதினால் குமிழி வரணும்.
'மீன்தொட்டி மோட்டார் ஓடுது அத்தை'
என்று சிரித்தாள் ஜெபா.
நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை.
ராத்திரி எட்டுக்கு மேல் குழம்பு வாசனை மட்டும்.
சிலருக்கு இதிலேயே சுருங்கிவிடும் என்றார்.
எட்டு வாரம் ஊதினேன்.
இறால் கண் இமைக்கவேயில்லை.

எடுக்காமல் விட்டால்? ரீகன்தான் கேட்டான்.
விடலாம், இதே குரலில் பேசிக்கொண்டிருக்கலாம்,
அது என்னவென்று தெரியாமல்.

மதுரை.
வாய் வழியாகவே எடுப்பார்கள், வெளியே கத்தி படாது.
மயக்க மருந்து டாக்டர்
என் குரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.
சர்க்கரை எவ்வளவு,
மாடி ஏறினால் மூச்சு வாங்குமா?
எங்கள் தெருவில் மாடி ஏது?
நண்டுக் கூடையோடு மணலில் நடப்பேன், வாங்காது என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.
பிறகு மேல்வரிசையில் ஆடுகிற பல்லை
விரலால் தொட்டார்.
குழாய் போகும்போது விழுந்தால் மூச்சுக்குள் போய்விடும்,
முதலில் இதைப் பிடுங்குங்கள்.
குரலுக்காகப் போய்
பல்லைக் கொடுத்தேன்.

எடுத்தபின் ஏழு நாள் சிலேட்டு.
ஆறாம் நாள் பொறுக்காமல் கரைக்குப் போனேன்.
ஜெபா கூவினாள், நான் விரலைக் காட்டினேன்.
காதர் மீராவுக்கு
என் விரல் எல்லாம் தெளிவாகக் கேட்டது.

கெட்டதில்லை என்று மதுரைக் காகிதம் வந்த அன்று
பேச அனுமதியும் வந்தது.
நாளுக்கு ஐந்து நிமிடம்.
எதற்குச் செலவழிக்க?
ரீகனைத் திட்டவா, மாதாவுக்கு நன்றி சொல்லவா
என்று யோசிக்கையில் போன் அடித்தது.

'சிலிண்டர் வந்திருக்கு மேடம்,
சலேத்மேரி சார் இருக்காரா?'

'சார் இல்லம்மா' என்றேன்.
யாரோ ஒரு பொம்பளை பேசுவது மாதிரி இருந்தது.
'மதுரையில குப்பியில போட்டு
டெஸ்டுக்குக் குடுத்தாச்சு.'

நாலு நிமிடம் மிச்சம்.
சிரிப்பும் கணக்கில் வருமா என்று
டாக்டரைக் கேட்க வேண்டும்.