ஒரு டாலர்க் காசு

செயின்ட் ஜான்ஸில் பெப்ரவரி.
கடைவாசல் சரிவெங்கும் கண்ணாடிப் பனி.
காற்று தள்ளத்
தானே உருண்டது ஒரு தள்ளுவண்டி,
உள்ளே சிவப்புக் குல்லாயோடு
யாரோ பெற்ற பிள்ளை.

ஓடினேன் என்று சொல்லமாட்டேன்.
கால் ஓடியது,
நான் பின்னால் போய்ச் சேர்ந்தேன்.
இரும்பில் விரல் ஒட்டியபோதுதான்
கையுறை நினைவு வந்தது.

அந்தப் பெண் அழுதுகொண்டே நன்றி சொன்னாள்.
நான் நிமிர்ந்து
யாராவது பார்த்தார்களா என்று
பார்த்தேன்.

முளை உள்ளேயே இருக்கிறது,
மிதிக்காமல் விட்டால் போதும்
என்றானாம் பழைய சீனத்தான் ஒருவன்.
கோணல் மரமடா நீ,
ஆவியில் காட்டித்தான் நிமிர்த்தணும்
என்றானாம் அடுத்தவன்.
மூன்றாமவன் வாயே திறக்கவில்லை,
தண்ணீரைக் காட்டினான்.
இங்கே அது உறைந்து கிடக்கிறது.

காருக்குத் திரும்பினால்
நட்டநடு வழியில் இன்னொரு வண்டி.
பாலும் முட்டையும் இறக்கிக்கொண்டு,
காசு போனால் போகட்டும் என்று
சற்றுமுன் நான் விட்டது.

தள்ளிப்போய் வரிசையில் பூட்டினேன்.
டாலரைத் துப்பியது.
எந்தச் சீனத்தான் தந்த கூலி இது?

வீடு வரைக்கும்
தொடையில் குளிர்ந்துகொண்டே வந்தது.