சலித்த பொருள்

லாரன்ஸ் ரோட்டுப் பழைய பேப்பர் கடையில்
முகப்புத்தாள் கிழிந்த புத்தகத்தைத்
தராசில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து,
"எடைக்கு ஆறு ரூபாதான். பழசு, இருபது குடுங்க"
என்றார் மஸ்தான்.
நூறு வருடம் தாண்டிய இறையியல்,
நானூறு கிராம்.

எழுதியவன் யாரோ ஒரு மார்மன் போதகன்.
உப்பு ஏரிக்கு வருமுன் அச்சுக்கோத்தவனாம்.
ஒவ்வொரு வாதத்தையும் ஈய எழுத்துபோல
விரலால் தடவிப் பார்த்துத்தான் வைக்கிறான்.

பதினேழாம் பக்கத்தில் சொல்கிறான்:
இல்லாததிலிருந்து எதுவும் வராது,
கடவுளும் இருந்ததைக் கொண்டுதான் சமைத்தார்.
ஆவியும் பொருள்தான்,
கண்ணுக்கு அகப்படாதபடி சலித்த பொருள்.

எனக்கென்ன புதிதா?
சிப்காட்டில் பதினோரு வருடமாகக்
காற்றைக் குடுவையில் பிடித்து அளக்கிறவள்.
காலி என்று கையில் தந்த எந்தக் குடுவையும்
காலியாக இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடி அறையில் ஏழு பேர்.
ரொட்டித் துண்டு, திராட்சை ரசத்துக்குப் பதில் தண்ணீர்.
பெயர்வில்லை குத்திய பையன் கேட்டான்,
"புதுப் பாடநூல் இருக்கே அக்கா, இது எதுக்கு?"
அது இழைத்த பலகை, தம்பி.
இதில் இன்னும் சிராய் இருக்கிறது.

குத்தவும் செய்தது.
நூற்றுப் பன்னிரண்டில்
கறுத்த தோல் சாபம் என்று எழுதிவிட்டான்.
அந்த வரிமேல் என் கையை வைத்துப் பார்த்தேன்.
அவன் மை என்னைவிடக் கறுப்பு.
ஓரத்தில் பென்சிலால் "பொய்" என்று எழுதினேன்.
மூடவில்லை,
பக்கத்தைத் திருப்பினேன்.

அடுத்து, இறந்தவர்கள்.
பெயர் தெரிந்தால் போதுமாம்,
அவர்களுக்காக உயிரோடிருப்பவர் நீரில் இறங்கலாமாம்.

எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான்.
கலியபெருமாள், பாய்லர் பிரிவு, இரவு ஷிப்ட்.
அவர் மனைவி மாரியம்மனுக்குத் தீ மிதிப்பவள்,
இதைக் கேட்டால் என்னைத் துடைப்பத்தால் அடிப்பாள்.
சரிதான்.
அவர் யாரிடமும் ஞானஸ்நானம் கேட்கவில்லை.
கேட்டது ஒரு முகமூடி.

அன்றிரவுக் காற்றின் அறிக்கையில்
"ஏதுமில்லை" என்ற சொல்லுக்குக் கீழே
இருப்பது என் கையெழுத்து.

காபி குடிக்காத சபை எங்களுடையது.
விடியும்வரை வெந்நீரை வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.
பிறகு பதினேழாம் பக்கத்துக்குத் திரும்பிப் போய்
அந்த வாக்கியத்தின் ஓரத்தில்
அன்றைய தேதியை மட்டும் எழுதினேன்.
பென்சிலால் அல்ல.