பாலிக்குப் போகாதவள்

பாலிக்குப் போகிறவர்களே, கேளுங்கள்.
நான் போனதில்லை.
கோமாரியிலிருந்து உல்லைக்கு
முதல் பஸ்ஸில் வந்து
நைறூஸ் ஹாஜியாரின் விடுதியில் கணக்கெழுதுகிறேன்.
அலைப்பலகை பழக்க அங்கிருந்து வந்தவன்
ஆறு மாதம் எங்கள் குசினியில் தேத்தண்ணி குடித்தான்.
அவ்வளவுதான் என் பயணம்.

மூத்த பிள்ளை வயான். அடுத்தது மாடே.
மூன்றாவது ஞோமான், நாலாவது கெதூத்.
ஐந்தாவது பிறந்தால் மறுபடி வயான்.
ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லையாம்.
இவன் ஞோமான்.
"நீ எத்தனையாவது?" என்றான்.
இரண்டு, என்றேன்.
"மாடே!" என்று சந்தோஷமாய்க் கூப்பிட்டான்.
மீன் வெட்டிக்கொண்டிருந்த றிஸ்மியா
கத்தியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.
அன்றிலிருந்து விடுதி முழுக்க நான் மாடுதான்.

விடிய முன்னம் தென்னங்குருத்தைக் கிழித்து
உள்ளங்கை அளவில் தட்டம் முடைவான்.
ஒரு செவ்வரத்தை, ஒரு விரல்நுனிச் சோறு,
சிலநாள் மாரி பிஸ்கட், ஒருநாள் பாதி சிகரெட்.
மேலே இருப்பவர்களுக்கு மட்டுமில்லையாம்,
காலடியில் கிடப்பவைக்கும் பசிக்குமாம்.
காகம் வரும். பீச்சு நாய் வரும்.
விரட்ட மாட்டான். வைத்ததோடு அவன் வேலை முடிந்தது.
"வாசல்ல வேணாம் தம்பி, பின்னால வை" என்ற ஹாஜியார்,
அவன் காய்ச்சலில் படுத்த நாளில்
பின்கதவைத் திறந்து பார்த்தார்.
"இண்டைக்கு ஒண்டுமில்லையா?"
காகத்துக்கு ஒரு துண்டு ரொட்டி எறிந்துவிட்டு
யாரும் கண்டார்களா என்று திரும்பினார்.

வருடத்தில் ஒருநாள் அங்கே ஊரே அடங்குமாம்.
விளக்கில்லை, அடுப்பில்லை, தெருவில் ஆளில்லை,
விமானமும் இறங்காதாம்.
எங்களுக்கும் இருந்தது, என்றேன்.
"எந்த மாதம்?" என்று கேட்டான்.
நான் பில் புத்தகத்தில் தேதி எழுதினேன்.

சொல்ல வந்தது இது இல்லை.
அங்கே யாரைக் கண்டாலும்
"எங்கே போறாய்?" என்பார்களாம்.
விசாரணை இல்லை, அதுதான் வணக்கம்.
"சும்மா நடக்கிறேன்" என்றால் போதும்,
கேட்டவர் தன் பாட்டில் போய்விடுவார்.

புறப்படுகிறவனை அப்படிக் கேட்டால்
போன காரியம் கெடும் என்பது நம் ஊர்.
சோதனைச் சாவடியில் அதையே
வேறு பாஷையில் கேட்டார்கள்,
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.
என் தம்பி சைக்கிளை உருட்டியபோது
அம்மா வாய்தவறிக் கேட்டுவிட்டாள்.
"எங்க மனே போறாய்?"
"வாறன்" என்றான்.
அதற்குப் பிறகு பதினெட்டு வருடம்
அம்மா ஒருவரையும் கேட்டதில்லை,
பஸ்ஸுக்கு ஓடும் என்னைக்கூட.

ஒருநாள் ஞோமானிடம் கேட்டேன்,
மூன்றாவது இல்லாமல் போனால்
நாலாவது மூன்றாகுமா?
பலகைக்கு மெழுகு தேய்த்த கை நின்றது.
"இல்லை. அந்த எண் அவனோடது."

ஐப்பசியில் காற்று மாறி
வெள்ளைக்காரர் பை கட்டிப் போனபின்
எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான்.
அம்மா படலையைத் திறந்து வெளிக்கிடுகிறாள்.
நான் தடுப்பதற்குள்
நான் பழக்கிய தமிழிலேயே கேட்டுவிட்டான்:
"அம்மா, எங்கே போறீங்க?"

எனக்கு நெஞ்சு பக்கென்றது.
அம்மா படலையை விடாமல்
கொஞ்சநேரம் அவனைப் பார்த்தாள்,
யாரோ ஒருத்தியின் மூன்றாவது பிள்ளையை.
"சும்மா" என்றாள்.
"சும்மா, அம்மன் கோயிலடி மட்டும்."

மறுநாள் நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.
அம்மா கேட்கவில்லை.
நானாகவே சொன்னேன், ஓடிக்கொண்டே,
"உல்லைக்கு, அம்மா."