வெயில் கூலி

பெல்ட்டுக்கு அடியில் பதினான்கு வருடம்
குனிந்தே இருந்தேன்.
மேலே பழுப்புக்கரி ஓடிக்கொண்டிருக்கும்.
சிந்தியதை வாரி மறுபடி மேலே எறிய வேண்டும்.
அதற்குப் பெயர் ஹவுஸ்கீப்பிங்.
வீடு யாருடையது என்று ஒருவரும் சொன்னதில்லை.

வடலூரில் ஓர் அடுப்பு அணைவதில்லை,
அது பசிக்கு.
மந்தாரக்குப்பம் தாண்டி எங்கள் பாய்லரும் அணைவதில்லை,
அது சென்னையில் ஏசி போட்டு
யாரோ போர்வையை இழுத்துக்கொள்ள.
இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் போய் வந்தோம்
நானும் பஞ்சவர்ணமும்,
எங்கள் பக்கத்தில் யாரும் உட்காராததால்
கால் நீட்டிக்கொண்டு.

பிறகு ஒரு நாள் நோட்டீஸ்.
சுரங்க மண் கொட்டிய மேட்டில் சோலார் வருகிறதாம்.
பசுமை வேலைவாய்ப்பு என்று எழுதியிருந்தது.
"பசுமைன்னா களையெடுக்கறதா?" என்றாள் பஞ்சவர்ணம்.
எட்டாவது பாஸ், டிசி ஒரிஜினல்
என்றது அடுத்த வரி.

என் டிசி தகரப்பெட்டியில்
கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது.
அவளுடையது பெருவெள்ளத்தில்
அரிசியோடும் ஒரு ஆட்டுக்குட்டியோடும்
பரவனாற்றில் போனது.
ஆறு பாஸா ஃபெயிலா என்று பார்க்கவில்லை.

பன்னிரண்டு நாள் பயிற்சி, குறிஞ்சிப்பாடியில்.
பாகூரிலிருந்து வந்து சொல்லித்தந்தாள் ஃபிலோமின் மேரி.
என் மூத்தவளைவிட ரெண்டு வயது கூட இருக்கும்.
மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து
"சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ்.
மாத்தி வெச்சா ஒண்ணும் ஆவாதுக்கா,
மைனஸ்னு காட்டும், அவ்ளோதான்" என்றாள்.
மாற்றி வைத்தால் ஒன்றும் ஆகாத ஒன்றை
அன்றுதான் முதன்முதலாகப் பிடித்தேன்.

இனி நைட் ஷிஃப்ட் இல்லை.
தூக்கம் வந்தது, நைட் படி போனது.
மாதம் ஆயிரத்து நூறு குறைச்சல்.
சூரியனுக்கு ஓவர்டைம் கிடையாது,
சங்கத்தில் சொல்லியும் பயனில்லை.
காண்ட்ராக்டர் அதே தெய்வசிகாமணிதான்,
சட்டை மட்டும் பச்சை.
பெல்ட்டடியில் நாற்பத்தொரு பேர் இருந்தோம்.
மேட்டில் ஒன்பது.
மீதி முப்பத்திரண்டை
எந்த மீட்டரில் வைத்துப் பார்ப்பது?

முதல் நாள், காலை ஐந்தரை.
கண்ணாடி சூடேறுமுன் கழுவ வேண்டும்.
நீளக் கம்பு, ரப்பர் வைப்பர், உப்பில்லாத தண்ணீர்.
சரிந்து கிடந்தன பலகைகள் வரிசை வரிசையாக,
ஏதோ பெரிய பள்ளிக்கூடம்
சிலேட்டையெல்லாம் காயப்போட்டது போல.
விரலால் ஒரு கோடு இழுத்தேன்.
பழுப்பு.
முகர்ந்தேன்.
எனக்குத் தெரியாதா?
ரெண்டாவது சுரங்கத்துக் கரித்தூள்,
காற்றேறி என் பின்னாலேயே வேலைக்கு வந்திருக்கிறது
கேட் பாஸ் இல்லாமல்.

இந்தத் தூசி இருக்கும்வரை எனக்கு வேலை.
சுரங்கம் மூடினால் தூசி நிற்கும்.
அப்புறம் மழையே கழுவிக்கும் என்பான் தெய்வசிகாமணி.
அதனால்தான் சாயங்காலம்
இன்வெர்ட்டர் ரூம் வாசலில் நிற்கிறேன்.
எந்தப் பழுதுக்கு எந்த விளக்கு என்று
டெக்னீசியன் கதவு திறக்கும்போதெல்லாம்
ஒன்று மனப்பாடம்.
ஏழு ஆகிவிட்டது.

குனியாத வேலை.
இடுப்பு இன்னும் நம்பவில்லை.
மேட்டிலிருந்து பார்த்தால்
தூரத்தில் பெல்ட் ஓடுவது தெரிகிறது
எறும்புச் சாரியாக.
அதன் அடியில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்,
சற்றே இடதுபக்கம் சாய்ந்து.
அவள்தான்.
கையாட்டினால் அவளுக்குத் தெரியாது,
என் பின்னால் அவ்வளவு வெளிச்சம்.

புதன்கிழமை அரைநாள் லீவு சொல்லியிருக்கிறேன்.
அவள் படித்த பள்ளியில் பழைய ரெஜிஸ்டர்
பீரோவின் மேல்தட்டில் இருந்ததால் நனையவில்லையாம்.
டூப்ளிகேட் டிசிக்கு மனு எழுதி முடித்தாயிற்று.
பிறந்த தேதிதான் தெரியவில்லை அவளுக்கு.
"வெயில் காலம்னு போடு" என்கிறாள்.